எங்கள் வீட்டுச் சனி

வெள்ளவத்தை,
12.06.1999

மதிப்பிற்குரிய யோசெப்பின் ரீச்சர் அவர்களுக்கு,

தங்களுக்குக் கர்த்தரின் கிருபையும் எங்கள் பிள்ளையாரின் அருளும் குறைவில்லாமல் கிடைக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுத முடியவில்லை.

சூரிய குடும்பம் படிப்பிக்க வகுப்புப் பிள்ளைகளைக் கிரகங்களாக்கி, நடுவில் தாங்கள் சூரியனாக நிற்கிறீர்கள். நல்ல விசயம். ஆனால் என் மகள் நிரோஜினிக்கு ஏன் ரீச்சர் சனியைக் கொடுத்தீர்கள்? இடுப்பில் மட்டை வளையத்தோடு வந்து, "அம்மா, நான்தான் சனி" என்று பிள்ளை சொன்னதும் என் மனைவி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். வீட்டுக்காரர் பாலசுந்தரம் இந்த மாத முடிவில் அறையை விடச் சொல்லியிருக்கிறார். விலாசம் போனால் பொலிஸ் பதிவு போகும், பதிவு போனால் கொழும்பில் எங்களைப் போன்ற தமிழருக்கு இருப்பில்லை. இந்த நேரத்திலா சனி வீட்டுக்குள் வரவேண்டும்?

சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பது வருசம் என்று தாங்கள் சொன்னதால் அவள் சாப்பிடவும் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வருகிறாள். கேட்டால், "சனி இப்பிடித்தான் அப்பா வரும்" என்கிறாள். மேல்வீட்டு ஜெகதீஸ்வரி இன்று சனிக்கிழமையென்று எங்கள் வாசலில் எள்ளெண்ணெய் விளக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறா. நேற்றுச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் வளையத்தைக் காட்டி, "மொகக்த மே?" என்று, இது என்னவெனச் சிங்களத்தில் கேட்டான். நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். பிள்ளை, தாங்கள் படிப்பித்த சிங்களத்தில், "செனசுரு" என்றாள். சனியின் பேரைக் கேட்டதும் அவன் இரண்டடி பின்னுக்குப் போய், அடையாள அட்டையும் பாராமல், "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிவிட்டான். சிங்களவருக்கும் சனியென்றால் பயம்தான் போல.

ஆகவே தயவுசெய்து பிள்ளையை வியாழனாக மாற்றிவிடுங்கோ. அது ஏலாதென்றால் ஒரு சின்னப் புதனாவது போதும்.

தங்கள் பணி சிறக்க, தொண்டை கட்டாமலிருக்க வாழ்த்தும்,
க. குணநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது வீட்டுக்காரர் வந்தார். வளையத்தோடு நின்ற பிள்ளையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "தம்பி, எனக்கு இப்ப ஏழரைச் சனி. சனீஸ்வரனை வீட்டை விட்டு எழுப்பின ஆள் எண்டு பேர் எடுக்க என்னால ஏலாது. நீங்கள் இருங்கோ" என்றார். மேலே எழுதியதை மறந்துவிடுங்கோ ரீச்சர். பிள்ளை சனியாகவே இருக்கட்டும். பாடம் முடிந்தாலும் வேறு யாருக்கும் அதைக் கொடுக்க வேண்டாம். அவருக்கு ஏழரை முடிய இன்னும் ஐந்து வருசம் இருக்கிறதாம்.