கழுத்து ஒடுங்கிய மைப்பாட்டில்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றதற்கு நீ அனுப்பிய மைப்பேனாவில் குற்றமில்லை. குற்றமெல்லாம் கூடவே வந்த மைப்பாட்டிலில்தான். அதைச் செய்த புண்ணியவான் ஒருநாளாவது பேனாவைக் கண்ணால் பார்த்திருப்பானா? தோள் அகலம், கழுத்து ஒடுக்கம், அடியோ சரிவு. மை குறைந்துவிட்டதால் நிப்பு எட்டமாட்டேன் என்கிறது. ஒரு கையால் பாட்டிலைச் சாய்த்து, ஒரு கையால் பேனாவைப் பிடித்தால், பின்பக்கத்தைத் திருகி மையை உறிஞ்ச இன்னொரு கைக்கு நான் எங்கே போவேன்? வரைபட அலுவலகத்தில் காலமெல்லாம் மயிரிழைக் கோடு போட்டவன் நான். "கோடுன்னா உங்க கோடுதான்யா" என்று மேலதிகாரியே சொன்ன கை இது. இந்தக் கை பேனாவை உள்ளே விட்டதும் பாட்டில் வாய் டகடகவென்று அடித்துக்கொள்கிறது. மட்டமான கண்ணாடி, வேறென்ன?

நேற்று பாட்டில் கவிழ்ந்து மேஜை விரிப்பு, சட்டை, நாற்காலி எல்லாம் நீலம். இங்குள்ள பேனாக் கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். "அது அழகுக்குப் பண்ண பாட்டில் சார், ஊசியில்லாத சிரிஞ்சால எடுத்துப் பாருங்க" என்றார். எடுத்தேன். மெல்லத்தான் அழுத்தினேன், அது சீறிப் பாய்ந்து சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாமல் செய்துவிட்டது. இந்த வீட்டில் இப்போது எதுவுமே சரியில்லையப்பா. டீ கப்பைத் தூக்கினால் சாசர் கடகடக்கிறது. சட்டைப் பொத்தான் ஓட்டையைத் தையல்காரர் சின்னதாக்கிவிட்டார். பூட்டு சாவியை உள்ளே விடுவதில்லை. எல்லாம் சொல்லிவைத்தாற்போல் என் தலையில் வந்து விடிகிறது.

உன் அக்காவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தரையில் தண்ணீர் சிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிறவள், இத்தனை மையைப் பார்த்தும், "தள்ளுங்க, நான் தொடைக்கிறேன்" என்றதோடு சரி. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் ஏதோ வேறு மாதிரி நினைக்கிறாள். அத்தான் கை நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பாட்டிலில்தான் என்று நீ அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு. நீ சொன்னால் கேட்பாள்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. அந்தப் பாட்டிலைச் செய்தவனுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். உறை சின்னதாம், கடிதம் உள்ளே போகவில்லையாம், என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன். பாட்டிலில் ஒரு கோளாறும் இல்லை. அதிலிருந்து நிரப்பித்தான் இதை எழுதுகிறேன். அவர் கை நடுங்குவதை நானும் மாசக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னடா செய்வேன், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எனக்கு முட்டி வலி, துணைக்கு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். நீயும் வந்துவிடு. வந்ததும் பாட்டிலை நன்றாகத் திட்டு. கையைப் பற்றி மூச்சு விடாதே.