மரங்கொத்திக்கு எத்தனை பிறந்தநாள்?

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது. உடனே அருவி, மான்குட்டி, மூலிகைக் காற்று என்று கற்பனையைத் தட்டிவிடாதீர்கள். இது சாஃப்ட்வேர் காடு. வாசலில் கரடி உட்கார்ந்து அடையாள அட்டையைக் கேட்கும். கழுத்தில் அட்டை தொங்காவிட்டால் யானையாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அந்தக் காட்டின் நடுவில் ஒரு பெரிய ஆலமரம், அதில் ‘அடர்வனம் சொல்யூஷன்ஸ்’ என்று ஒரு கம்பெனி, அதில் நம் மரங்கொத்திக்கு வேலை. பெயர் தணிகாசலம். சீனியர் டெவலப்பர். அது இது என்றால் முகம் சுளிப்பார், அதனால் இனிமேல் அவர் என்றே சொல்கிறேன்.

என்ன வேலை என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சிரிக்காதீர்கள். தென் துருவத்துப் பென்குயின்கள் காலையில் எழுந்ததும் இன்று குளிருமா என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஓர் ஆப் வேண்டுமாம். தென் துருவத்தில்! இன்று குளிரும், நாளைக்கும் குளிரும், அடுத்த வருஷம் இதே நாளும் குளிரும். இதைச் சொல்ல நூற்றுப் பன்னிரண்டு பேர் நாலு வருஷமாக ராப்பகலாக உழைக்கிறார்கள். ‘குளிரும்’ என்ற எழுத்தின் நீல நிறத்தை மட்டும் தணிகாசலம் முப்பத்தேழு தடவை மாற்றியிருக்கிறார். முப்பத்தெட்டாவது தடவை, முதலில் இருந்த நீலமே நன்றாக இருந்தது என்று பென்குயின்கள் சொல்லிவிட்டன.

விசைப்பலகையைக் கொத்திக் கொத்தி அவருக்கு அலகு மரத்துப்போனது. மண்டை எந்நேரமும் ‘ஙொய்’ என்றது. வீட்டுக்குப் போனால் மரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. “ஏங்க, கிளையில புழு நெளியுது, ரெண்டு கொத்து கொத்துங்களேன்” என்று மனைவி இந்திராணி சொன்னால், “டிக்கெட் போட்டு வை, அடுத்த வாரம் எடுக்கிறேன்” என்பார். எந்த வேலையாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் டிக்கெட்டாகப் பதிந்தால்தான் தொடுவது என்பது ஆபீஸ் வழக்கம். அது வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்திராணி புழுவைத் தானே எடுத்துத் தின்றாள்.

தினமும் காலையில் மீட்டிங். சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று சட்டம். சட்டம் போட்டது ஒரு கொக்கு. அது பாட்டுக்கு இரண்டு மணி நேரம் நிற்கும், மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், ஏதாவது தடை இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தணிகாசலம் சொன்னார்:

“நேத்து செத்துப் போனேன். இன்னிக்கும் சாவேன். தடை எதுவும் இல்லை.”

“அருமை! அடுத்தது யாரு?” என்றார் மேனேஜர்.

மேனேஜர் ஓர் ஓணான். பெயர் ராஜதுரை. யார் என்ன சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவார். பென்குயின் கேட்டாலும் ஆட்டுவார், ‘முடியாது சார்’ என்று நம் ஆட்கள் சொன்னாலும் ஆட்டுவார். இப்படி ஆட்டி ஆட்டியே மேலே வந்தவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்தநாள் கொண்டாடுவதில் அடர்வனத்தை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. தினமும் யாருக்காவது பிறந்தநாள். ஹெச்.ஆர். மயில் எழிலரசன் தோகையை விரித்துக்கொண்டு, ஒரு கையில் தேன் கேக்கும் மறு கையில் பலூனுமாக ஓடி வருவார். முள்ளம்பன்றிக்குப் பொங்கலிலிருந்து மட்டும் ஆறு பிறந்தநாள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேக் வருகிறது, தின்கிறோம், வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். ‘காட்டிலேயே மகிழ்ச்சியான அலுவலகம்’ என்ற கோப்பையும் மூன்று வருஷமாக இவர்களுக்குத்தான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இந்திராணி மூச்சிரைக்கப் பறந்து வந்தாள்.

“ஏங்க, ஓடைக்கரை வாகை மரம் பட்டுப்போச்சு. காது வச்சுக் கேட்டேன், உள்ள கொறுக் கொறுக்னு ஒரே சத்தம். அத்தனையும் கொழுத்த புழு! ஐப்பசி மழைக்கு அது சாஞ்சிரும். அதுக்குள்ள இந்த வேலையைத் தலைமுழுகிட்டு வாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள், “நீங்க மரம் கொத்தி நான் பார்த்து நாலு வருஷம் ஆச்சு.”

நான் மரங்கொத்தியா, இல்லை வேறு ஏதாவதா என்று தணிகாசலத்துக்கே அழுகை வந்தது. போதும்டா சாமி, மழைக்கு முன்னால் அந்த வாகையைக் கொத்தியே தீருவது என்று முடிவு பண்ணினார்.

பறந்து போக வேண்டியதுதானே, சிறகு எதற்கு இருக்கிறது என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்தக் காட்டில் ஒரு மரத்தைக் கொத்த வேண்டுமென்றால், முந்தைய மரத்தில் வேலையை முறையாக விட்டதற்கு ரிலீவிங் லெட்டர் வேண்டும். லெட்டர் இல்லாமல் ஒரு கொத்து விழுந்தாலும் ரேஞ்சர் கீரி வந்து அலகைப் பூட்டிவிடும்.

மறுநாள் மேனேஜரிடம் போனார். “சார், நான் வேலையை விடறேன்.” ராஜதுரை தலையை ஆட்டினார். தணிகாசலம் குதூகலமாக வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தூங்கினார். மதியம் போன் வந்தது.

“என்னப்பா, ஆளையே காணோம்?”

“சார், நீங்கதானே தலையாட்டினீங்க?”

“நான் எப்பவும் ஆட்டுவேன்ப்பா, அது உடம்புவாகு. ஆபீஸ் சைட்டுல ராஜினாமா பட்டன் இருக்கு பாரு, அதை அமுக்கு. எனக்கு வரும், நான் ஒப்புதல் குடுப்பேன், லெட்டர் தானா அச்சாகி வந்துரும்.”

தணிகாசலம் ஓடிவந்து பட்டனை அமுக்கினார். திரை முழுக்க வண்ண வண்ணப் பலூன் பறந்தது. ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், தணிகாசலம்!’ அடுத்த நிமிஷம் எழிலரசன் கேக்கோடு நின்றார். மறுபடி அமுக்கினார். மறுபடி கேக். அந்த வாரத்தில் ஏழு தடவை அமுக்கி, ஏழு பிறந்தநாள் கொண்டாடி, கேக் தின்று தின்று வயிறு கெட்டுப்போனதுதான் மிச்சம்.

“எந்த முட்டாள் எழுதினான் இதை?” என்று கறுவிக்கொண்டே பட்டனுக்குப் பின்னால் இருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ பிறந்தநாள் பட்டனை அப்படியே நகலெடுத்து ஒட்டி, மேலே பெயரை மட்டும் ‘ராஜினாமா’ என்று மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இவ்வளவு நல்ல கம்பெனியை யார் விடப்போகிறார்கள்? அப்புறம் பார்த்துக்கலாம்.’ கீழே எழுதியவர் பெயர்: தணிகாசலம்.

யாரிடம் போய்ச் சொல்ல?

பிறகு சரிசெய்ய உட்கார்ந்தார். என்ன ஆச்சரியம், நாலு வருஷத்தில் முதல் தடவையாக வேலை இனித்தது! மண்டையில் அந்த ‘ஙொய்’ இல்லை. டொக் டொக் டொக்கென்று பாட்டுப் பாடிக்கொண்டே கொத்தினார். பதினைந்து நாளில் பட்டன் தயார். அதை வெளியிடும் முன் உள்ளே எட்டிப் பார்த்தால், பலூன் மட்டும்தான் வெளியே பறந்திருக்கிறது, அமுக்கியவர்களின் விண்ணப்பமெல்லாம் உள்ளேயே குவிந்து கிடக்கிறது. அதில் ஏழு இவர் பெயரில். பட்டனைச் சோதிக்கிறவர்கள் சோதனைப் பதிவுகளை அழித்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். அது தொழில் பழக்கம், கை தானாகச் செய்யும். தன் பெயரில் இருந்த ஏழையும் சுத்தமாகத் துடைத்தார். மற்றவர் பெயரில் இருப்பதைத் தொடக் கூடாது, அதுவும் தொழில் பழக்கம். அவற்றை யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை புதுப் பட்டனை வெளியிட்டார். ஆஹா, ஒரு டீ குடித்துவிட்டு வந்து நிதானமாக, ஆசை தீர அமுக்கலாம் என்று கீழே இறங்கினார். அங்கேதான் தப்பு. டீக்கடை தேவாங்குடையது. அது கிளாஸை எடுக்கக் கால் மணி நேரம், கழுவ அரை மணி நேரம்.

டீ குடித்துவிட்டு மேலே வந்தால் ஆபீஸில் ஓர் ஈ காக்காய் இல்லை. கொக்கின் இடத்தில் ஒரே ஒரு இறகு. வாசலில் கரடி மட்டும் கடைசி ஆளாகத் தன் நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

“எங்கண்ணே எல்லாரும்?”

“தெரியாதா? எல்லாரோட ராஜினாமாவும் ஒரே நேரத்துல போச்சு! மூணு வருஷமா எல்லாருமே அமுக்கிக்கிட்டுத்தான் இருந்தோம். நான் மட்டும் ஒன்பது தடவை. நூத்துப் பதினோரு பேரோடதும் வந்து விழுந்ததும் ஓணான் சார் மொத்தத்தையும் டிக் பண்ணி ஒரே அமுக்கு. மயிலோடதை அவர் ஒப்புக்கிட்டாரு, அவரோடதை மயில் ஒப்புக்கிட்டாரு, ரெண்டு பேரும் கைகோத்து ஆடிக்கிட்டே போனாங்க. யாரோ புண்ணியவான் பட்டனைச் சரிபண்ணினானாம், நல்லா இருக்கட்டும்.”

கரடி போய்விட்டது. ஆக, தினம் தினம் தின்ற கேக்கெல்லாம் பிறந்தநாள் கேக்கே இல்லை!

தான் துடைத்தெறிந்த ஏழு விண்ணப்பம் அப்போதுதான் தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது. பாய்ந்து போய்ப் பட்டனை அமுக்கினார். அது மிக அழகாக வேலை செய்தது. ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. மேனேஜர் பணியில் இல்லாததால், எஞ்சியிருப்பவர்களில் மூத்தவர் மேனேஜராக நியமிக்கப்படுகிறார். வாழ்த்துகள், தணிகாசலம்! உங்கள் விண்ணப்பத்தை நீங்களே ஏற்க முடியாது. முப்பது நாள் பணி முடித்த இன்னொருவர் ஏற்க வேண்டும். அதுவரை இது ரத்து.’ இந்த விதியையும் எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

சரி, ஓர் ஆளைப் பிடித்து முப்பது நாள் வைத்துக்கொண்டால் போதுமே என்று ஆளெடுத்தார். அணில் வந்தது. பென்குயின் வேலையைப் பார்த்தது, மூன்றாம் நாள் பட்டனை அமுக்கியது. தணிகாசலம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். மேனேஜர் இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடும் என்று பட்டன் அவ்வளவு கச்சிதமாக எழுதப்பட்டிருந்தது. அணில் போயிற்று. உடும்பு வந்தது, நாலாம் நாள் போயிற்று. கீச்சுக்கிளி காலையில் சேர்ந்து மத்தியானமே அமுக்கிவிட்டது. இப்படியே ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்தது. இந்திராணி தினமும் வாகை மரத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்து, “இன்னும் நிக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி முதல் வாரம் ஒரு மைனா வேலைக்குச் சேர்ந்தது. பெயர் பூங்கோதை, கெட்டிக்காரி. இவளையும் விட்டால் கதை கந்தல் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது. அந்தக் கம்பெனியில் புதிதாக ஒன்றைச் செய்யத்தான் பதினைந்து நாள் ஆகும். பழையபடி மாற்றி வைக்க ஒரு நொடி போதும். தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரே கொத்து. பட்டன் பழையபடி பிறந்தநாள் பட்டனாகிவிட்டது.

மூன்றாம் நாள் பூங்கோதை அமுக்கினாள். தணிகாசலம் கேக்கோடு ஓடினார்.

“சார், எனக்கு இன்னிக்குப் பிறந்தநாள் இல்லை. நான் அமுக்கினது—”

“ஹாப்பி பர்த்டே டு யூ!” என்று உரக்கப் பாடினார் தணிகாசலம். மனசு உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துண்டு அவரும் தின்றார். அந்த மாதம் பூங்கோதைக்குப் பதினோரு பிறந்தநாள். அவள் எதைக் கேட்டாலும் தணிகாசலம் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கண்ணாடியில் பார்த்தபோது அந்த ஆட்டல் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றியது.

முப்பதாவது நாள் விடிந்தது. ஐப்பசி மேகம் கன்னங்கரேலென்று ஓடைப்பக்கம் கட்டியிருந்தது. “ஏங்க, காத்து பலமா அடிக்குது, சீக்கிரம்!” என்று இந்திராணி ஜன்னல் கிளையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“பூங்கோதை, இப்ப உனக்கு ஒரு விண்ணப்பம் வரும்மா. யோசிக்காம ஒப்புதல் குடுத்துரு” என்றார் தணிகாசலம்.

“குடுத்துடறேன் சார்.”

நாலு வருஷ ஆசையையும் அலகு நுனியில் திரட்டி, பட்டனை ஒரு கொத்துக் கொத்தினார்.

திரை முழுக்கப் பலூன் பறந்தது.

‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், தணிகாசலம்!’

அட கஷ்டகாலமே! பழையபடி மாற்றி வைத்ததையே மறந்துபோயிருந்தார். இப்போது பட்டனைச் சரிசெய்தால் உள்ளே இரண்டு நாள் கெடு தாண்டிக் கிடக்கும் பூங்கோதையின் விண்ணப்பங்கள் முந்திக்கொண்டு தானாகவே ஒப்புதலாகிவிடும், அவள் பறந்துவிடுவாள், ஒப்புதல் தர ஆளிருக்காது. சரிசெய்யாவிட்டால் இவர் போக முடியாது. அந்த நேரத்தில் எங்கேயோ ‘டமார்’ என்று பெரிய சத்தம் கேட்டது.

“பலூன் வெடிச்சிருச்சு போல சார்” என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை கேக்கோடு வந்தாள்.

“பலூன் இல்லைங்க” என்றாள் இந்திராணி, ஓடைப்பக்கம் பார்த்தபடி. “வாகை.”

தணிகாசலம் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு மூன்று பேருமாகக் கேக்கை வெட்டினார்கள். அந்த வருஷமும் ‘காட்டிலேயே மகிழ்ச்சியான அலுவலகம்’ கோப்பை அடர்வனத்துக்கே கிடைத்தது.

நீதி: வெளியே போகும் கதவைச் சரிசெய்கிறவர் அதற்கு முன் டீ குடிக்கப் போகக் கூடாது, போய்விட்டால், கேக்கிலாவது பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.