கேட்டைத் திறந்த கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதுவரை எழுதி முடிக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று.

நம் சந்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் இரும்புக் கேட்டை அடுக்குமாடிக்காரர்கள் பூட்டியதும், உன் அம்மாவை நாற்காலியில் வைத்துச் சலவைக்கூடத்தைச் சுற்றித் தூக்கிப் போனதும், டாக்டர் "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றதும் உனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. காரியம் முடிந்ததும் கேட்டைத் திறக்கச் சொல்லி சந்தே சேர்ந்து மனு கொடுத்தோம். நூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல். அதிகாரி பார்த்துவிட்டு, "என்னய்யா, எல்லாம் மொழுக்குன்னு ஒரே மாதிரி இருக்கு? ஒரே ஆள் வச்சதா? செல்லாது" என்று தள்ளிவிட்டார். நாற்பது வருஷம் சலவைச் சோடாத் தண்ணீரில் துணி அலசியவனுக்கு ரேகை எங்கே இருக்கும்? "ஆஸ்பத்திரி விரிப்பு வெளுத்ததே எங்க ரேகையைத் தேச்சுத்தான் சார்" என்றாள் தையல்காரம்மா. "அதெல்லாம் தெரியாது. என் கண் முன்னாடி கையெழுத்துப் போடணும்" என்றார் அவர்.

தையல்காரம்மா தன் வெட்டுமேசையில், துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் மூன்று மாதம் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஏழு கட்டியை உடைத்தேன். "மாமா, அது ஈரத் துணி இல்ல, பிழியாதீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேரும் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். உன் அம்மாவுக்காக என்னை முதலில் விட்டார்கள். உட்கார்ந்தேன், பேனாவைத் துடைத்தேன், ஆரம்பித்தேன். "பெரியவரே, சீக்கிரம்." "இப்பத்தான் சார் ரெண்டாவது எழுத்துக்கு வந்திருக்கேன்." எனக்குப் பின்னால் இஸ்திரிக்காரர், தப்பாகப் போட்டுவிட்டு, வேறு தாள் கேட்டார். அதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதிகாரி வரிசையை எட்டிப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போதும்யா, கட்டைவிரலே வைங்க!" வரிசை முழுவதும் ஒரே குரலில், "செல்லாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றது. ஒருவரும் நகரவில்லை. ஒருத்தன் மெதுவாக எழுதினால் மட்டி என்பார்கள். நூறு பேர் மெதுவாக எழுதினால் அலுவலகமே நின்றுவிடுகிறது, மகளே! மூன்றாம் நாள் அதிகாரியே சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் ரோடு வரைக்கும் நடந்து பார்த்தேன். அறுபத்து மூன்று அடி. அவ்வளவுதான் தூரம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தானே கையெழுத்திட்ட உன் அப்பா

பி.கு.: இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் கேட்டை மறுபடியும் பூட்டிவிட்டார்கள். மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி வரிசையில் நிற்கிறோம். இதற்குள் உன் அம்மா பெயரையும் எழுதக் கற்றுக்கொண்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதப்போகிறேன். அவள் பெயர் என்னுடையதைவிட நீளம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.