பத்தொன்பது மண்டோர்

நெகிரி செம்பிலானில் ஓடுகிற எந்த வண்டியின் வேகத்தையும் பார்க்காமலேயே சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பத்தொன்பது மண்டோர்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வண்டி கடந்து போனதும் அதன் சத்தம் கேட்டதிலிருந்து வாய்க்குள் எண்ணியதைக் கிலோமீட்டராக மாற்றி அறிவிப்பார். அவர் சொன்ன கணக்கை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். பெரிய பிழை எதுவும் என் நாட்குறிப்பில் பதிவாகவில்லை.

பால்மரக் காலத்தில் அவர் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்து, ரெம்பாவ் சாலையோரம் நாற்பது வீடுகள் கட்டிக் கொடுத்தபோது அவருக்கு ஓய்வு வயது. ஓய்வு அவருக்கு மட்டும்தான் கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை. முன்பு விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதே குரலில், தினமும் காலை ஆறு ஐம்பதுக்குச் சாலையோரம் நின்று எண்ணுவார்.

எதற்காக எண்ணினார் என்பது ஊருக்கே தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப்பள்ளி. அதன் சிற்றுண்டிச்சாலையில் அவர் மனைவி காமாட்சி அக்காவுக்கு வேலை. அக்காவுக்கு முட்டிவலி. இடுப்பில் சம்பல் சட்டியோடு சாலையைக் கடக்க அவருக்குப் பத்தொன்பது எண்ணிக்கை பிடிக்கும். நான் ஆறு நாள் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து நாள் பத்தொன்பது, ஒரு நாள் இருபது. அன்று சட்டி நிறைய இருந்ததாகக் குறித்திருக்கிறேன்.

சிரம்பான் பக்கமிருந்து வரும் வண்டி வளைவில் திரும்பினால்தான் கண்ணுக்குத் தெரியும். சட்டப்படி அறுபதில் வந்தால், வளைவிலிருந்து அக்கா கடக்கும் இடத்துக்கு வந்து சேரப் பத்தொன்பது எண்ணிக்கை. ஆனால் பெரும்பாலான வண்டிகள் பதினொன்றில் வந்தன. பதினொன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்தது காமாட்சி அக்காவின் உயிர்.

அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்காது.

"கொஞ்சம் வாய மூடுறீங்களா? நீங்க எண்ண எண்ண எனக்குக் காலு பின்னுது."

"நீ நட. நான் எண்றது உனக்கில்ல, அவனுங்களுக்கு."

"அவனுங்களுக்குக் கேக்கவா போவுது?"

கேட்கவைத்தார். உள்ளூர் வண்டிகளின் எண்கள் அவருக்கு மனப்பாடம். சாயங்காலம் பாக்கியத்தின் ஒட்டுக்கடையில் எல்லாரும் தே குடித்துக்கொண்டிருக்கும்போது பெரட்டு நடக்கும்.

"நாலாயிரத்து எழுவத்தொண்ணு! காலையில பதிமூணு. என்னடா அவசரம்? பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சா?"

"இல்ல மண்டோரே, வயித்தக் கலக்கிருச்சு."

"அதுக்குப் பதினஞ்சு போதும்!"

திருவிழாவுக்குச் சாமி ஏற்றி வந்த வேனையும் அவர் விடவில்லை. பூசாரி கோபித்துக்கொண்டதற்கு, "சாமி உள்ள ஒக்காந்திருந்தாலும் பதினாலு பதினாலுதான்" என்றார். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒரு நாள் என்னையும் நிறுத்தினார்.

"கிராணி, உங்களுக்குப் பதினெட்டு."

"ஒண்ணுதானேண்ணே கொறச்சல்?"

"அந்த ஒண்ணுல அவளோட ஒரு காலு ரோட்டுலதான் இருக்கும்."

அன்றிலிருந்து வளைவைக் கடந்ததும் என் கால் தானாகவே பிரேக்கைத் தொடும்.

அந்தச் சமயத்தில்தான் நாடெங்கும் வேகக் கேமரா பற்றிய பேச்சு கிளம்பியது. இருக்கும் இடங்கள் போதாது, இன்னும் வைக்க வேண்டும் என்றார்கள் சிலர். வைத்ததையே எடுக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். வளைவில் ஒன்று வைக்கச் சொல்லி மனு எழுதித் தரும்படி மண்டோர் என்னிடம் கேட்டார். நான்கு பக்கம் எழுதினேன். கையெழுத்து வாங்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது சிங்காரம். செம்பனைக் குலை லாரி ஓட்டுபவர். அவர் லாரி போனால் மண்டோர் எண்ணுவதற்கு முன்பே திட்டத் தொடங்கிவிடுவார்.

"கேமரா வெச்சா மொத சம்மன் யாருக்கு வரும்? எனக்குத்தான் லா! வெளியூருக்காரன் கேமராவப் பாத்தா பிரேக் போடுவான், தாண்டினா பறப்பான். அதுக்கு ஒரு கேமராவா?"

"எந்த எடத்துல பிரேக் போடணுமோ அந்த எடத்துல போட்டா போதும்டா. அந்தாண்ட பறந்தா பறந்துட்டுப் போறான்" என்றார் மண்டோர்.

"வேகமா போறவன அப்பவே புடிக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுக்குக் கடுதாசி வந்தா என்ன பிரயோசனம்?" என்றார் பாக்கியம். "ரோட்டுல ரெண்டு மேடு போடச் சொல்லுங்க, போதும்."

"மேடு போட்டா என் லாரியில பாதிக் குலை ரோட்டுல கெடக்கும்!" சிங்காரம் மறுபடி எழுந்தார்.

நான் ஒரு தாளில் கோடு கிழித்து ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பத்தி எழுதினேன். எதிர்ப்புப் பத்தி நீளம். ஆனாலும் முப்பத்தொன்பது வீடுகள் கையெழுத்துப் போட்டன. சிங்காரம் மட்டும் போடவில்லை.

நான்கு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. மண்டோர் என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

"இல்லன்னு எழுதியிருக்கா, அப்பறம்னு எழுதியிருக்கா?"

"அப்பறம் பரிசீலிப்போம்னு இருக்குண்ணே."

"அப்படின்னா காமாட்சியையும் அப்பறமா கடக்கச் சொல்லவா?" கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இத அவகிட்டச் சொல்லாதீங்க. வருது வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதன் பிறகு பஸ் ஏறிப் போய்ப் போக்குவரத்துப் போலீசிடம் முறையிட்டார். மூன்று முறை போனார். நான்காவது முறை அவர் வாசலில் தலையைக் காட்டியதும் ஒரு நாள் ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

சொன்னபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை இளம் மலாய் அதிகாரி ஒருவர் முக்காலியில் கருவியை நிறுத்தினார். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மண்டோர் முதுகைத் திருப்பிக்கொண்டு முதல் வண்டிக்கு "லீமா பூலு டுவா", அதாவது ஐம்பத்திரண்டு என்றார். கருவி ஐம்பத்து மூன்று காட்டியது. அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாக்சிக் முன்பு போலீசா?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டார்.

"மண்டோர் கெத்தா" என்றார் இவர். பால்மர மண்டோர். "உங்க மெசின் ஒண்ணு கூடுதலா காட்டுது."

பிறகுதான் கேவலம். ஒரு மணி நேரத்தில் ஒரு வண்டிகூட அறுபதைத் தாண்டவில்லை. எல்லாம் மண்டோர் எண்ணிக்கையில் இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று ஊர்வலம்போல வந்தன. "செமுவா பெர்லஹான் லா, பாக்சிக்" என்று அதிகாரி சிரித்தபடியே கருவியை மடித்தார். எல்லாரும் மெதுவாகத்தான் போகிறார்களே என்று அர்த்தம். மண்டோருக்குப் பொய்ப் புகார் கொடுத்தவர் என்ற பெயர் வந்துவிட்டதே என்ற வருத்தம்.

சாயங்காலம் ஒட்டுக்கடையில் உண்மை தெரிந்தது. காலையில் சிங்காரம் லாரியை எடுத்துக்கொண்டு போகும்போது போலீசைப் பார்த்திருக்கிறார். வளைவைத் தாண்டியதும், எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் லைட் அடித்து எச்சரித்துக்கொண்டே போயிருக்கிறார். நம் சாலைகளில் முன்பின் தெரியாதவருக்கும் செய்கிற உபகாரம் அது.

மண்டோர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தேத் தம்ளர் உருண்டது.

"ஏண்டா, நீயா லைட் அடிச்ச?"

"அடிச்சேன். அதுக்கென்ன?"

"நாலு தடவ போலீசுக்கு நடந்திருக்கேன்டா! கையில காலுல விழாத கொறையா கூட்டிட்டு வந்தா, நீ..." சட்டென்று நிறுத்திவிட்டார். வாய் மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. "எது வரைக்கும் அடிச்ச?"

"பெட்ரோல் ஸ்டேசன் வரைக்கும்" என்றார் சிங்காரம், இரண்டடி பின்வாங்கியபடி.

"நாளைக்கும் அடி."

"நாளைக்கும் போலீஸ் வருதா?"

"வராது. நீ அடி."

மறுநாள் எல்லா வண்டியும் இருபது எண்ணிக்கையைத் தாண்டியே வந்தன. அதற்கு மறுநாளும். அந்த வாரமே பட்டியல் போட்டோம். அதாவது மண்டோர் சொல்ல நான் கோடு கிழித்தேன். சிரம்பான் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், நாளுக்கு ஐந்து வண்டி, ஆறு நாற்பதுக்கும் ஏழுக்கும் இடையில் நேரம் மாற்றி மாற்றிக் கிளம்ப வேண்டும். வளைவைத் தாண்டிய பிறகுதான் லைட் அடிக்க வேண்டும். என் முறை புதன், வெள்ளி. கேமராவுக்குக் கையெழுத்துப் போடாத சிங்காரம் எல்லா நாளும் தன் பெயரை எழுதச் சொன்னார்.

எனக்கு மனசு உறுத்தியது. இல்லாத போலீசை இருக்கிறதென்று சொல்வது சரியா என்று கேட்டேன்.

"நீங்க வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

"லைட் போட்டீங்க, அணைச்சீங்க. அவனா எதையாவது நெனச்சுக்கிட்டா அதுக்கு நாம என்ன செய்ய முடியும் கிராணி?"

ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டார். காமாட்சி அக்காவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், தனக்காக ஊரையே பொய் சொல்லவைப்பதா என்று வேலையை விட்டுவிடுவார். நாற்பது வீடும் ஒட்டுக்கடையும் சேர்ந்து ஒரு ரகசியத்தை இரண்டு ஆண்டு காப்பாற்றியது எங்கள் தோட்டத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

போன மழைக்காலத்தில் மண்டோர் காய்ச்சலில் படுத்தார். ஒன்பதாம் நாள் சிரம்பான் மருத்துவமனையில் இறந்துபோனார்.

கருமாதி முடிந்து காமாட்சி அக்கா மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று, நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சாலையோரம் போய் நின்றேன். அன்றைய பட்டியலில் ஐந்து வண்டிகள். எங்கள் பக்கமிருந்து சிரம்பான் நோக்கிப் போனவை பதினாறு. வேலையே இல்லாதவர்களும் வண்டியை எடுத்திருந்தார்கள். பாக்கியம் கடையைச் சாத்திவிட்டுத் தன் மோட்டாரில் போனார். வளைவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று சிங்காரம் பிறகு சொன்னார். தைப்பூசம் மாதிரி இருந்ததாம்.

வளைவிலிருந்து வந்த வண்டிகள் ஊர்ந்தன. இருபத்தைந்து, இருபத்தெட்டு. அக்கா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். பாதிச் சாலையில் நின்று என் பக்கம் திரும்பினார். அவருக்கு முன்னால் ஜொகூர் எண் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் மூன்று.

"கிராணி, எல்லாம் எப்பவும் வர்றத விட மெதுவா வருதே. அவரு கேட்ட கேமராவ வெச்சிட்டாங்களா?"

"வெச்சிட்டாங்கக்கா."

"எங்க? என் கண்ணுக்குத் தெரியலையே."

"வளைவுக்கு அந்தாண்ட. மண்டோர் கேட்ட எடத்துலதான்."

அக்கா வளைவைத் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் முந்தி வெச்சிருக்கலாம். பாத்துட்டுப் போயிருப்பாரு" என்று சொல்லிச் சட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அன்று அவர் சாலையைக் கடக்க நாற்பத்தொன்று ஆயிற்று. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.