புரோட்டானாகிய உங்கள் மாமனார்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் பீன்ஸ் செடிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லத் தைரியம் இல்லாததால் இந்தக் கடிதம்.

ஆய்வுக்கூடத்தில் விளக்கு பழுது என்று நான்கு தொட்டிகளை எங்கள் பால்கனியில் வைத்துவிட்டுப் போனீர்களே, "மாமா, மணல்ல உரமே கிடையாது, இலைமேல இந்த அமினோ அமிலத் தண்ணியைத் தெளிச்சா இலையே உறிஞ்சிக்கும்" என்றீர்களே, நானும் தலையாட்டினேனே, அந்தத் தலையை என்ன செய்யலாம் சொல்லுங்கள். பால்கனியில் ஒரே லாரிப் புழுதி. அழுக்கின்மேல் சாப்பாடு போடலாமா என்று தினமும் சோப்புத் தண்ணீரில் இலைகளைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தெளித்தேன். எல்லாம் மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது. மாதக் கடைசியில் பேராசிரியர் வருகிறார், இலை பச்சையாக இருந்தால்தான் உங்களுக்குப் பட்டம் என்று மகள் போனில் அழுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பா, இலையோட செல்லு புரோட்டானை வெளியே தள்ளும். அது திரும்பி உள்ளே வர்றப்போ அமினோ அமிலத்தையும் கையோட கூட்டிட்டு வரும். உங்க சோப்பு அந்தப் புரோட்டானையெல்லாம் வெளியிலேயே முழுங்கிடுச்சு, போங்க!" என்றாள். கேட்டதும் இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. காலையில் உங்கள் அத்தை என்னை வெளியே தள்ளுகிறாள். திரும்பும்போது நான் காய்கறியைக் கையோடு கொண்டுவருகிறேன். வெறுங்கையோடு வந்தால் கதவு திறப்பதில்லை. வழியில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு அரசியல் பேசினால் அன்றைக்குச் சமையலே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் புரோட்டான்தான் மாப்பிள்ளை, ஒரு விஞ்ஞானியும் என்னை வந்து பார்க்கவில்லை. என்னை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு இலையை எடுத்தீர்கள் பாருங்கள்!

சரி, தப்பு என்மேல்தான். பேராசிரியரிடம் நானே வந்து சொல்கிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆனால் இன்றிலிருந்து யார் தள்ளினாலும் நான் வெளியே போவதாக இல்லை.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும், சீக்கிரம் ஆறிவிடும் கோபத்தோடும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "உங்களை நம்பி மாப்பிள்ளையோட படிப்பை விடுவேனா?" என்கிறாள். உங்கள் தொட்டிகளை முதல் நாளே பின்பக்க ஜன்னலுக்கு மாற்றி, அவளே தெளித்து, பச்சைப்பசேலென்று வைத்திருக்கிறாள். நான் குளிப்பாட்டிச் சாகடித்தது அந்த இடத்தில் அவள் கொண்டுவந்து வைத்த, அவள் வளர்த்த பீன்ஸ். போனால் போகிறதென்று எனக்காக விட்டுக்கொடுத்தாளாம். என் தெளிப்பானில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீராம். இதைத் தபாலில் போட என்னை இப்போது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறாள். வரும்போது தக்காளி வாங்கி வர வேண்டும்.