இருட்டு வேண்டாத வானியல் கழகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெருஞ்செயல், எங்கள் ஊர் வானியல் கழகத்துக்கு மூன்று வடிகட்டிகள் வாய்த்ததுதான். அடக்கமாகவே சொல்கிறேன், கண்ணுகளா. நான் அதன் செயலாளர்.

அதுவரை நாங்கள் இருட்டுக்கு ஏங்கிக் கிடந்தவர்கள். பச்சின்கோ விளையாட்டுக்கூடத்தின் வண்டி நிறுத்தத்தில் விடிய விடிய எரிந்த விளக்குகள் வானத்தையே வெளுத்து வைத்திருந்தன. பக்கத்து வயல்காரர் தொகோரோ-சானுக்கும் அவைதான் எதிரி. ராத்திரி வெளிச்சம் பட்டால் நெல் கதிர்விட மறந்து பச்சையாகவே நின்றுவிடும். ஒற்றை ஆளின் புகாரைக் கூடம் மதிக்கவில்லை. ஆகவே, பத்து மணிக்கு மேல் விளக்கை அணைக்கச் சொல்லிக் கூட்டு மனு எழுதினோம். எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரைதான்; நாற்பது உறுப்பினர்களின் முத்திரைகள், கூடவே அவருடையது. நன்றிக்கு அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் அரிசியில் பிடித்த சோற்றுருண்டைகளைக் கொண்டுவருவார்.

மனு போன மறுவாரம் கூடத்து முதலாளியிடமிருந்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டி, ஓர் 'அன்பளிப்பு' வந்தது. உள்ளே தொலைநோக்கியில் பொருத்தும் மூன்று ஒளி வடிகட்டிகள். ஒன்று ஹைட்ரஜனின் ஒளியை மட்டும் உள்ளே விடும், ஒன்று ஆக்ஸிஜனுடையதை, மற்றது கந்தகத்தினுடையதை. விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் வாசலோடு திரும்பிவிடும். இனி விளக்கடியில் நின்றே நெபுலா என்னும் விண்மேகத்தைப் படம் பிடிக்கலாம் என்று தலைவர் நிரசாவா-சான் தழுதழுத்தார்.

"அப்போ மனு?" என்றேன்.

"அது எதுக்கும்மா இனிமே? நமக்குத்தான் இருட்டே தேவையில்லையே."

"தொகோரோ-சானுக்கு?"

"அவரு என்ன, நெபுலாவா எடுக்கறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று வர முடியாமல் அவர் அனுப்பியிருந்த உருண்டைகளில் ஆளுக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். 'சமூக நல்லிணக்கம்' கருதி மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தில் நாற்பது முத்திரைகள் விழுந்தன. முதல் முத்திரை என்னுடையது.

பதினொரு இரவு உழைத்து இதய நெபுலாவைப் பிடித்தோம். மூன்று ஒளிக்கும் ஆளுக்கொரு நிறம் கொடுத்துச் சேர்த்தால், பச்சை கொடுத்த ஹைட்ரஜனே மிகுதி என்பதால் படம் முழுக்கப் பச்சை. விண்வெளியில் பச்சைக்கு அனுமதி இல்லை என்றார் தலைவர். கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினார். இதயம் பொன்னாக மின்னியது.

இலையுதிர்காலக் கண்காட்சிக்குத் தொகோரோ-சான் வெறுங்கையோடு வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தலைவர் பொத்தானின் பெருமையை அவருக்கும் விளக்கினார்.

"தலைவரே," என்றார் அவர், தலை வணங்கி. "ஊரெல்லாம் அறுத்தாச்சு. விளக்கோரத்துல என் நெல்லு இன்னும் பச்சையாத்தான் நிக்குது. அந்தப் பொத்தானை அங்க வந்து ஒரு தடவை அமுக்கிட்டுப் போறீங்களா?"

'பார்வையாளர் ஒருவர் தொழில்நுட்ப ஐயம் எழுப்பினார்' என்று குறிப்பேட்டில் முறைப்படி எழுதி, முத்திரை வைத்தேன்.

அதே முத்திரைதான், கண்ணுகளா.