ஒன்பது கிரகமும் ஒரு ‘பார்க்கலாமுங்க’வும்

வடவள்ளி,
கோயமுத்தூர்.

அன்புமிக்க மாப்பிள்ளை தம்பிதுரை அவர்களுக்கு,

மச்சான் பாலுசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நலமில்லை என்று சொன்னாலும் கேட்பதற்கு ஆளில்லை என்பதால் கூடுதல் நலம். ஸ்வீடனில் நீங்களும் உங்கள் கம்பெனியின் பம்ப்பும் நலமாக இருக்கச் சென்னிமலை ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நான் நாலு பத்தி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைக் காட்டி அனுப்பிவிடுகிறீர்கள். துரோணருக்கே வாழ்நாளில் ஒரு கட்டைவிரல்தான் கிடைத்தது. எனக்கு உங்களிடமிருந்து மட்டும் ஒரு கூடை சேர்ந்துவிட்டது. ஆகையால் கடிதம்.

முதலில், பதற வேண்டாம். உங்கள் கப்பல் பத்திரமாக இருக்கிறது. அது தொலைந்துவிட்டதாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏதாவது செய்தி வந்திருந்தால், அது போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய செய்தி. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை, இட்டுக்கட்டாமல், யாரையும் குறை சொல்லாமல், குறை சொல்ல வேண்டியவர்களை மட்டும் சொல்லி எழுதுகிறேன்.

ஸ்வீடனுக்குக் கிளம்பிய அன்று கம்ப்யூட்டர், ஹெட்போன், சக்கரம் வைத்த நாற்காலி எல்லாவற்றையும் எங்கள் முன்னறையில் இறக்கிவிட்டு, எருமையைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிவிட்டுப் போகிறவர் மாதிரி, “மச்சான், நீங்க சும்மாதானுங்க இருக்கீங்க, அப்பப்ப கப்பலைக் கொஞ்சம் பார்த்துக்கங்க” என்றீர்கள். அந்தச் ‘சும்மா’வை நான் மறக்கவில்லை. நிலவியல் துறையில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். துறைத் தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டிய வருடத்தில் அது தாளாளரின் தங்கை மகனுக்குப் போனதால், ராஜினாமாவை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவன். அதற்குப் பெயர் சும்மா இருப்பது அல்ல, எதிர்ப்புத் தெரிவிப்பது. அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டருக்குள் ஆகாயக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டெல்லாம் எனக்கு ஆகாது என்று ஒரு வாரம் அந்த மெஷின்மேல் துண்டைப் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். உங்கள் அக்காதான், “ஏனுங்க, என்னைய நோட்டம் உட்டுட்டு சட்னில உப்பு பத்தல, துணி காயலைன்னு சொல்றதுக்கு, தம்பி சொன்னதையாச்சும் பாருங்களேனுங்க” என்று துண்டை உருவிவிட்டாள். திறந்தேன். ஏதோ ஒரு கிரகத்தின் பக்கமாகக் கப்பல் போனது. கீழே மலை தெரிந்தது. மாப்பிள்ளை, அது மடிப்பு மலை! வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்காமல் என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, நான் சாக்பீஸால் வரைந்து வரைந்து அழித்த அதே மடிப்பு. அங்கே இளஞ்சிவப்பு வெயிலில், தலைக்குமேல் இரண்டு நிலாவை வைத்துக்கொண்டு, யாரும் அழிக்காமல் நின்றது. காபி ஆறி ஆடை படிந்துபோனது எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உங்கள் அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் அக்கா படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டுவாள் என்பதால் விளக்கியே எழுதுகிறேன். ஒரு புது நட்சத்திரத்துக்குப் போனால் அதைச் சுற்றும் கிரகங்கள் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். எதில் என்ன இருக்கிறது என்று அறிய, கருவியை அனுப்பி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனும் எரிபொருளைக் குடிக்கும். தண்ணீரோ பனிக்கட்டியோ உள்ள கிரகம் அகப்பட்டால் அதிலிருந்தே டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம். அகப்படாமல் டேங்க் வற்றிவிட்டால், ஆட்டமே கப்பலைப் பிடித்து உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும். நீங்கள் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் வருடக்கணக்கில் கட்டிய கப்பல். நான் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்பது புள்ளிகள், டேங்க்கில் மூன்று ஸ்கேனுக்கான எரிபொருள். பின்னால் நின்று எண்ணிப் பார்த்த உங்கள் அக்கா, “நவக்கிரகத்தச் சுத்தோணும்னா ஈஸ்வரன் கோயலுக்குப் போலாமுங்களே, கரண்டாச்சும் மிச்சம்” என்றாள்.

எதை ஸ்கேன் செய்வது என்று நானே முடிவு செய்திருப்பேன். ஆனால் நீங்கள், “குழுவைக் கேக்காம எதையும் தொடாதீங்க மச்சான்” என்று கட்டளையிட்டுப் போயிருந்தீர்கள். அதனால் கேட்டேன். ஹெட்போனில் உங்கள் விளையாட்டுக் குழு மூன்று பேர் இருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் அமீர் ஹம்சா, பீளமேட்டில் பல் டாக்டராக இருக்கும் சைதன்யா, காந்திபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் பாலக்காட்டுப் பையன் அபிலாஷ். பகலெல்லாம் ஸ்கேன் எடுத்துவிட்டு லீவு நாளிலும் ஸ்கேன் எடுக்க வருகிற ஒருவனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வினை இங்கேதான் தொடங்கியது. “முதல் கிரகத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “பார்க்கலாமுங்ணா” என்றார் அமீர் ஹம்சா. “பார்க்கலாமுங்க சார்” என்றாள் சைதன்யா. சரி, இரண்டு பேருக்குமே இஷ்டமில்லை என்று அந்தக் கிரகத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அடுத்தது. “பார்க்கலாமுங்க.” அதையும் அடித்தேன். இப்படியே ஐந்து கிரகம் போயிற்று. அபிலாஷ்தான் பொறுக்க முடியாமல், “சாரே, ரெண்டு பேரும் பார்க்கலாம்னு சொன்னதல்லே? பின்னே எதுக்கு சாரே வெட்டறது?” என்றான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு இது எங்கே புரியும்? நீங்களே சொல்லுங்கள் மாப்பிள்ளை, நம் பக்கத்தில் ‘பார்க்கலாமுங்க’ என்றால் என்ன அர்த்தம்? துறைத் தலைவர் பதவி என்ன ஆயிற்று என்று தாளாளரைக் கேட்டேன், பார்க்கலாமுங்க என்றார். பக்கத்துக் காலியிடத்தை எனக்கே தருவீர்களா என்று கேட்டேன், பார்க்கலாமுங்க என்றார்கள். இன்று அதில் இன்னொருவன் மூன்று மாடி கட்டி என் வேப்பமரத்துக்கு வெயில் வராமல் செய்துவிட்டான். அவ்வளவு எதற்கு, நான் உங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார்? பார்க்கலாமுங்க. மதுக்கரை மாப்பிள்ளை கைவிட்டுப் போன பிறகுதானே என் வீட்டுப் படியேறினார்? இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லத் தெரியாத ஊரில், இல்லை என்பதற்கு வைத்திருக்கிற பெயர் அது. அந்த ஒரு சொல்லில் நான் முனைவர் பட்டம் வாங்காததுதான் குறை.

இந்த விளக்கத்தை நான் ஹெட்போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கேனுக்கான எரிபொருள் கப்பல் சும்மா நின்றதிலேயே தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு. இனிக் கேட்டுப் பயனில்லை என்று என் படிப்பை நம்பி நீல நிறத்தில் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்தேன். நீலம் என்றால் நீர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அது மயில்துத்தமோ வேறெதுவோ, முழுக்க விஷ உப்பு. முதலில் ஸ்கேன் செய்தவரே பெயர் சூட்டலாம் என்று திரையில் வந்தது. தாளாளரின் தங்கை மகன் பெயரைச் சூட்டினேன். அப்போது உண்டான ஆனந்தம் இருக்கிறதே, அவன் என் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்ததில்லை.

“ஏனுங்ணா, நானு நாளைக்கு மண்டியில மூஞ்சி காட்டோணும், இன்னொண்ணுதானுங் மிச்சம். அதும் போச்சுன்னா தம்பிதுரைக்கு யாருங் பதில் சொல்றது?” என்று அமீர் ஹம்சா அழாக்குறையாகக் கேட்டார். கப்பல் உடைந்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், ‘பரவாயில்லீங்க மச்சான்’ என்பீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் என்னை நம்பி யாரும் ஒரு துறையைக் கொடுத்ததில்லை. நீங்கள்தான் ஒரு கப்பலைக் கொடுத்தீர்கள், சும்மா இருக்கிறவன் என்று சொல்லித்தான் என்றாலும்.

மிச்சம் இருந்தவற்றில் கடைக்கோடியில் ஒன்று, கறுப்பாக, பெரிதாக, வளையம் போட்டுக்கொண்டு கிடந்தது. “அதைப் பார்க்கலாமா?” என்றேன். சைதன்யா, “ஐயோ, அதமட்டும் வேண்டாமுங்க சார்! அத்தன தூரம் போனா திரும்பி வர்றதுக்கே எண்ணெ இருக்காதுங்க. வேண்டவே வேண்டாமுங்க!” என்றாள். எனக்கு மின்னல் வெட்டினாற்போல இருந்தது. நம் பந்தியில் இலைமேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து ‘வேண்டாமுங்க, வேண்டாமுங்க’ என்கிறவருக்குத்தானே இன்னும் இரண்டு கரண்டி பாயசம் விழும்? வேண்டாம் என்றால் போடு என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் இந்த ஒன்பதில், என் குழு மனமார விரும்பிக் கேட்ட ஒரே கிரகம் இதுதான். கப்பலைத் திருப்பினேன்.

“சார்! சார்! ஏனுங் சார்!” என்று சைதன்யா கத்தினாள். நோயாளியைக் கத்தவிடாமல் பல் பிடுங்குகிற பெண் அன்றைக்குத் தானே கத்தினாள். அமீர் ஹம்சா பிஸ்மில்லா என்றார். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த உங்கள் அக்கா முருகனைக் கூப்பிட்டாள். எண்ணெய் முள் சிவப்பைத் தொட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். அப்போது அபிலாஷ், தொழில் பழக்கமோ பயமோ, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்றான். நாங்கள் எல்லாரும் பிடித்தோம். உங்கள் அக்காவும் பிடித்தாள். கருவி போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் அந்த வளையம் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல வெள்ளையாகிக்கொண்டே வந்தது. பனிக்கட்டி! வளையம் முழுக்கப் பனிக்கட்டி மாப்பிள்ளை, பவானி ஆற்றை வருடக்கணக்கில் உறையவைத்து உடைத்து எறிந்தமாதிரி! “இனி மூச்சு விடலாம்” என்றான் அபிலாஷ், விம்மிக்கொண்டே.

அப்புறம் நடந்ததை எழுதுவது என் வயதுக்கு அழகல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன். ஹெட்போன் வயர் காலில் சுற்றி, உங்கள் நாற்காலியோடு முன்னறைக்கும் கூடத்துக்குமாக ஒரு சுற்று உருண்டு வந்தேன். அமீர் ஹம்சா ஹெட்போனிலேயே விசிலடித்தார். ஆரவாரம் அடங்கியதும் சைதன்யா, “சார், தப்பா நெனைக்காதீங்க. நானு நெசமாவே வேண்டாம்னுதானுங்க சொன்னேன்” என்றாள். “நானும் நெசமாவே பார்க்கலாம்னுதானுங்ணா சொன்னேன்” என்றார் அமீர் ஹம்சா. ஆக, வழிமுறை முழுவதும் தப்பு, விடை மட்டும் சரி. இப்படி எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் பாதி மதிப்பெண்கூடப் போட்டதில்லை. அன்றைக்கு எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

பெயர் வைக்க வேண்டுமே? திரும்பி உங்கள் அக்காவிடம், “உன் பேரை வைக்கட்டுமா?” என்றேன். “ஐய, குண்டா, கருப்பா, வளையல் வேற போட்டுட்டு! வேண்டாமுங்க” என்றாள். வேண்டாம் என்றாளே, வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம், கிரகத்துக்கு வைத்ததில் அல்ல, பிறந்தபோது வைத்த பெயரையே வைத்ததில்தான். “ஊரே என்னைய கலான்னு கூப்புடுது, ஆகாசத்துல போயி காளியாத்தாள்னு எழுதி வெச்சுப்போட்டீங்களே!” என்று பொழுது சாயும்வரை பேசவில்லை. ஆனால் சத்தியமங்கலத்துப் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, “கெரகத்துக்கே எம்பேரு வெச்சிருக்காருங்க, ஆமாங்க, வளையம் போட்டதுங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நேற்று பிரேசில்காரன் ஒருவன் தன் கப்பலுக்குக் காளியாத்தாளில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு நன்றி சொல்லிப் போயிருக்கிறான்.

ஆகவே, நீங்கள் விட்டுப்போனதைவிடக் கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கிறது. எனக்கு இதில் பற்று எதுவும் கிடையாது. பற்று வைத்த எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை என்பதால் வைக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேனோடு வந்து மெஷின், ஹெட்போன், நாற்காலி அனைத்தையும் ஏற்றிக்கொண்டு போகவும். கேப்டன் பதவியையும் அன்றே முறைப்படி ஒப்படைத்துவிடுகிறேன். உங்களுக்கு உடல்நலமும் பதவி உயர்வும் தாமதமில்லாமல் ஒரு கல்யாணமும் கைகூட ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மச்சான்,
பாலுசாமி, எம்.எஸ்ஸி.

பி.கு.: உறையை ஒட்டும்முன், கட்டளைப்படி குழுவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, “தம்பிதுரை வந்ததும் கேப்டன் பதவியை அவரிடமே கொடுத்துவிடலாமா?” என்று கேட்டேன். “பார்க்கலாமுங்ணா” என்றார் அமீர் ஹம்சா. “பார்க்கலாமுங்க சார்” என்றாள் சைதன்யா. அபிலாஷும், வாழ்க்கையில் முதல்முறையாக, “பார்க்கலாமுங்க சாரே” என்றான். அர்த்தம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். சாப்பாட்டுக்கு அவசியம் வரவும். வேன் எதற்கு, பஸ்ஸிலேயே வரலாம்.